குணமாகிவிட்டார், சரி, இனி எங்கே போவார்? வீடற்ற பெண்களுக்கான வீடும் அதற்குப் பிறகான கவனிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் அலைந்து, யாரோ மீட்டு, மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துத் தேறிவரும் பெண்கள் சிலர் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை போய்வருகிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை டப்பாவைப் பார்ப்பது, ஓபிக்குக் கூடப் போவது, வீட்டு ஓனரிடம் பேசுவது, இவ்வளவுதான் என் வேலை. கல்யாண வீட்டிலும் ரயிலிலும் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

குணமாகிவிட்டார் என்றால் சொந்த வீட்டுக்கே அனுப்பிவிடலாமே?

அதைத்தான் முதலில் முயற்சி செய்வார்கள். நிறையப் பேர் போகவும் செய்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் கர்ஜத் என்ற ஊரில் மையம் வைத்து, தெருவில் கிடந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்து, இந்தியா முழுக்க அவரவர் ஊருக்கே கொண்டுபோய் விடுவதை வேலையாகச் செய்துவரும் டாக்டர் பரத் வாட்வானிக்கு 2018-ல் மகசேசே விருது கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன அம்மா திடீரென்று வாசலில் வந்து நிற்கும்போது அந்த வீட்டில் எழும் அழுகையை நேரில் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எல்லா வாசலும் அப்படி இல்லை. கணவருக்கு இன்னொரு கல்யாணம் ஆகியிருக்கும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்திருப்பார்கள். அண்ணன் இருப்பார், அண்ணியும் இருப்பார், படுக்க ஓர் இடமும் இருக்கும், ஆனால் அவரை எதிர்பார்த்து யாரும் இருக்க மாட்டார்கள். சில பேர் அந்த வீட்டில் பட்ட அடி தாங்காமல்தான் தெருவுக்கே வந்திருப்பார்கள், அவர்களைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடுவதற்குப் பெயர் மறுவாழ்வா?

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அக்காவை அவருடைய தம்பி வீட்டில் விடப் போன குழுவில் நானும் இருந்தேன். காபி கொடுத்தார்கள், மாலை எல்லாம் போட்டார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். அது தீர்ந்தால் எந்த ஆஸ்பத்திரியில் வாங்குவது, யார் கூட்டிப்போவது என்று நாங்கள் உட்கார்ந்து பேசவே இல்லை. 'அக்காதான் நல்லா ஆயிட்டாங்களே' என்று அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் அவர் வேறொரு ஊர் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். மாலையோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தது நாங்கள்தான்.

ஊர் பேரே சொல்லத் தெரியாதவர்களின் வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

சென்ட்ரலில் வந்து இறங்கும் ரயில்களை நினைத்துப் பாருங்கள். தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் என்று எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். பல வருஷமாக யாரோடும் பேசாமல் இருந்தவரிடம் அவர் தாய்மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் போதும், முகம் மாறும். ஊர் பெயர் வராது. ஆனால் ஆற்றங்கரைக் கோயில், சர்க்கரை ஆலை, தங்கை படித்த பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வரும், அதை வைத்து மேப்பில் தேடி, அந்தப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு போன் போட வேண்டியதுதான். சில சமயம் ஆதாரே காட்டிக்கொடுக்கும். புதிதாக ஆதார் எடுக்கக் கைரேகை வைத்தால், 'இவருக்கு ஏற்கனவே இருக்கிறது' என்று நிராகரித்துவிடும். எரிச்சலான விஷயம்தான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் முகவரி கிடைத்துவிடும்.

ஆஸ்பத்திரியிலோ ஹோமிலோ வைத்துக்கொள்வதுதானே பாதுகாப்பு?

இந்தப் 'பாதுகாப்பு' என்ற வார்த்தை கேட்டாலே எனக்கு 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வரும். ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்களையும் சேர்த்து 28 பேர் செத்தார்கள். ஓடிவிடக் கூடாது என்ற 'பாதுகாப்புக்காக'த்தான் அந்தச் சங்கிலியும்.

இன்றைக்கு நல்ல ஹோம்களும் இருக்கின்றன, அரசு ஆஸ்பத்திரிகளிலும் மனசோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு நல்ல ஹோமாக இருந்தாலும், எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, லைட்டை எப்போது அணைப்பது என்று எல்லாவற்றையும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். பத்து வருஷம் அப்படி இருந்த ஒருவரிடம் 'இன்னைக்கு என்ன சமைக்கலாம்?' என்று கேட்டால் அவர் பயந்துபோய் நம் முகத்தைப் பார்ப்பார், தப்பான பதில் சொல்லிவிடுவோமோ என்று. இது நோய் இல்லை, கட்டடம் செய்த வேலை.

2019-ல் நாடு முழுக்க 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், உள்ளே இருந்தவர்களில் 36 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் ஒரு வருஷமோ அதற்கு மேலோ அங்கேயே இருந்தவர்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. அவர்கள் ஊருக்குள் வாழ்வதற்கு ஏற்ற இல்லங்களை அரசு அமைக்கவோ அமைக்க உதவவோ வேண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது, இல்லங்கள்தான் குறைவு.

நான்கைந்து பேர் சேர்ந்து இருக்கும் வீடு என்பது யாருடைய யோசனை?

உலகத்தில் பல இடங்களில் பல வடிவத்தில் இருக்கிறது. நம் ஊரில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது சென்னையின் தி பேன்யன். 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் மனநோயோடு இருக்கும் பெண்களுக்காக ஆரம்பித்தது. சிகிச்சை முடிந்தும் போக இடமில்லாதவர்கள் சேர்ந்துகொண்டே போனதால், 2015-ல் 'ஹோம் அகைன்' என்ற பெயரில் சாதாரணத் தெருக்களிலும் கிராமங்களிலும் வீடு எடுத்து, யாரோடு யார் இருப்பது என்பதை அந்தப் பெண்களையே முடிவு செய்யச் சொல்லி, தேவைக்கேற்ப உதவிக்கு ஓர் ஆளையும் வைத்தார்கள். பிறகு கேரளம், மகாராஷ்டிரம், அசாம் என்றும் போனது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டியில் இதையும் ஒரு முன்மாதிரியாகச் சேர்த்திருக்கிறது.

அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும்?

உங்கள் வீடு மாதிரிதான், சண்டை உட்பட. நான் போகும் வீட்டில் இப்போதைய பெரிய பிரச்சினை டீத்தூள். ஒருவருக்குத் திக்காக வேண்டும், இன்னொருவருக்குப் பால்தான் முக்கியம், கடைசியில் இரண்டு டப்பா, இரண்டு பாத்திரம் என்று முடிந்தது. எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும். ஹோமில் இருந்த காலத்தில் அண்டாவிலிருந்து ஊற்றிய டீயை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தவர்கள் இவர்கள்.

முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாவின் கையில் வாசல் சாவியைக் கொடுத்தோம். பூட்டினார். திறந்தார். உள்ளே போய் ஒரு தடவை தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார், வெளியே வந்து மறுபடி பூட்டினார். இப்படி ஏழெட்டுத் தடவை. அப்புறம் சாவியை முந்தானை முனையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல 'வெங்காயம் எங்க?' என்று கேட்டார். இன்றுவரை அந்தச் சாவி அங்கேதான் இருக்கிறது, டூப்ளிகேட் செய்யவும் விடவில்லை.

வீடு வாடகைக்குக் கொடுக்கிறார்களா?

கஷ்டம். நாலு பொம்பளைங்க, ஆம்பளைத் துணை இல்லை, இதிலேயே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மிச்சப் பேரிடம் மனநோய் என்று சொன்னதும் 'வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்' வரும். மறைத்து எடுக்கலாமா என்று கேட்பார்கள், வேண்டாம். எப்படியும் தெரிந்துவிடும், தெரியும்போது ராவோடு ராவாகக் காலி பண்ணச் சொல்வார்கள், அந்த இடப்பெயர்ச்சியே ஒரு பெண்ணைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போதும். நாங்கள் முதலிலேயே சொல்லிவிடுவோம், வாடகை சரியாக வரும், ராத்திரி பத்து மணிக்கு ஒரு பிரச்சினை என்றாலும் இந்த நம்பரில் ஆள் எடுப்பார் என்றும் சொல்வோம். அந்த நம்பர்தான் நிறைய வீட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அக்கம்பக்கம் பழக ஆறு மாதம் ஆகும். முதலில் குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விட மாட்டார்கள். அப்புறம் தண்ணீர் லாரி வரும் நாளில் 'எங்க குடத்தையும் பார்த்துக்கோங்க' என்று ஆரம்பிக்கும்.

மாத்திரை எவ்வளவு நாளைக்கு? வாழ்நாள் முழுக்கவா?

அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆளுக்கு ஆள் மாறும். பல வருஷம் மனச்சிதைவு நோயோடு இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் நீண்ட காலம் தேவைப்படும். நான் சொல்ல நினைப்பது வேறு. மாத்திரை ஏன் நின்றுபோகிறது என்று பார்த்தால், பிடிவாதம் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். பகலெல்லாம் தூக்கமாக வருகிறது, உடம்பு ஊதுகிறது, கை நடுங்குகிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது. இதையெல்லாம் ஒருவர் சொன்னால் 'அப்படித்தான் இருக்கும், போடுங்க' என்று அதட்டுவதை விட்டுவிட்டு, எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் சொன்னால் டோஸ் குறைப்பார், நேரம் மாற்றுவார், வேறு மருந்து தருவார், சிலருக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு ஊசியாக மாற்றிவிடுவார். ஓலன்சபின் மாதிரியான மருந்துகளில் எடையும் சர்க்கரையும் ஏறும், அதனால் ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. க்ளோசபின், லித்தியம் எடுப்பவர்களுக்கு அது கட்டாயமே.

மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே மாத்திரை இலவசம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதே வருஷம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஓபிக்குப் போகக் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை, தனியாகவே போய்வந்துவிடுகிறார்கள்.

நோய் திரும்ப வந்துவிட்டால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவீர்களா?

மாட்டோம். காய்ச்சல் வந்தால் உங்களை வீட்டை விட்டு அனுப்புகிறார்களா என்ன?

பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும், கூட இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒருவர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை, குளிக்கவில்லை, கேட் பக்கமே உட்கார்ந்து யாருக்கோ காத்திருக்கிறார், வழக்கமாகத் திட்டும் டீவி சீரியல் வில்லியைத் திட்டவில்லை. இந்தக் கடைசி அடையாளத்தை எந்த டாக்டரும் எழுதியிருக்க மாட்டார், ஆனால் அதை வைத்துத்தான் போன வருஷம் ஒருவரை நேரத்தில் கூட்டிக்கொண்டு போனோம். பத்து நாள் வார்டில் இருந்தார். அவர் பாய், தட்டு, சோப்பு டப்பா எல்லாம் வீட்டில் வைத்த இடத்திலேயே இருந்தன. திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்த்தார்.

தெளிவாக இருக்கும்போதே 'எனக்கு முடியாமல் போனால் இப்படிச் சிகிச்சை கொடுங்கள், இது வேண்டாம், என் சார்பாக இன்னார் பேசட்டும்' என்று எழுதி வைக்க அந்த 2017 சட்டம் இடம் தருகிறது. அண்ணன் தம்பியைத்தான் போட வேண்டும் என்றில்லை. கூட இருக்கும் தோழியைப் போடலாம்.

பணத்துக்கு என்ன வழி?

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ஆரம்பிக்க வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவர் சான்று கொடுத்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆதார் இல்லாதவர்களுக்கு அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் சான்று கொடுக்கலாம். பிறகு வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாக. ஒரு பேப்பருக்கு நாலு நடை நடக்க வேண்டியிருக்கும். ஒரு அலுவலகத்தில் 'பேஷண்ட் நல்லாத்தானே பேசுறாங்க, அப்புறம் எதுக்குச் சான்றிதழ்?' என்று கேட்டார்கள். நல்லாப் பேசுவது மாத்திரையால் என்று சொல்லிப் புரிய வைக்க அன்று மதியம் ஆகிவிட்டது. சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், அதுதான் என் ஒரே யோசனை.

பாஸ்புக் அவரவர் கையில் இருக்க வேண்டும். 'நாங்க பத்திரமா வச்சிருக்கோம்' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேலைக்குப் போகிறார்களா?

சிலர் போகிறார்கள். பூக் கட்டுவது, ஹோட்டலில் காய் நறுக்குவது, தையல், வீட்டு வேலை. சிலரால் முடியவில்லை. எல்லாரும் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற அவசரம் எதற்கு? அறுபது வயசு அம்மா மத்தியானம் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் உட்காரட்டுமே.

ராத்திரி யாராவது ஓடிப்போய்விட்டால்?

சாவி அவர்களிடம் இருக்கிறது, 'ஓடிப்போக' என்ன இருக்கிறது? வெளியே போவார்கள், வருவார்கள். ஒருவர் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றால் எந்த வீட்டிலும் செய்வதைச் செய்வோம், தேடுவோம், போலீஸில் சொல்வோம்.

தெருவில் இருந்த காலத்தில் அவர்களுக்கு நடந்ததைப் பற்றிப் பேசலாமா?

நீங்களாகக் கேட்காதீர்கள். தெருவில் ஒரு பெண் எத்தனை ராத்திரி கழித்திருக்கிறார் என்று யோசித்தாலே நிறையப் புரியும். கர்ப்பமாக மீட்கப்படுகிறவர்கள் உண்டு. குழந்தையைப் பற்றி யாருமே கேட்பதில்லை என்பதுதான் சிலருக்குப் பெரிய வலி, பல வருஷம் கழித்து ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே 'என் பிள்ளைக்கு இப்ப பன்னெண்டு வயசு இருக்கும்' என்பார்கள். அப்போது கேட்டுக்கொண்டிருந்தால் போதும். சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டுமே பிரிக்கலாம், அப்போதும் தாய் குழந்தையைப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

ஓட்டு?

உண்டு. 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை வளாகத்திலேயே சாவடி வைத்தார்கள், அங்கே சிகிச்சையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

என் பிறந்தநாளுக்கு ஒரு வேளை சாப்பாடு போடலாமா? பழைய புடவை தரலாமா?

மனசு நல்ல மனசுதான், திட்டவில்லை. ஆனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். நீங்கள் வரும்வரை அவர்கள் பசியோடு காத்திருப்பார்கள், வரிசையாக உட்காருவார்கள், பெயர் தெரியாத உங்களுக்காகப் பிரார்த்தனை செய்வார்கள், கை தட்டுவார்கள், நீங்கள் போட்டோ எடுப்பீர்கள். பெரிய ஹோம்களில் முகூர்த்த மாதம் வந்தால் வாரத்துக்கு நாலு நாள் பாயசம். மருந்தால் ஏற்கனவே சர்க்கரை ஏறிக் கிடப்பவர்களுக்கு!

அந்தப் பணத்தில் ஒரு மாத வாடகையில் பாதி கொடுங்கள். வீட்டு அட்வான்ஸ் ஒரு பெரிய சுமை, சென்னையில் பத்து மாத வாடகையைக்கூடக் கேட்கிறார்கள். குக்கர், மிக்ஸி, கேஸ் இணைப்பு, நல்ல பூட்டு, மூக்குக் கண்ணாடி, பல்செட். பல்செட் என்று யாருக்குமே தோன்றாது, ஆனால் தெருவில் பல் போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? புடவை கொடுப்பதாக இருந்தால் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களே எடுக்கட்டும். இரண்டு மணி நேரம் ஆகும், பொறுமையாக இருங்கள்.

தெருவில் ஒரு பெண்ணை இப்படிப் பார்த்தால் நான் என்ன செய்வது?

வீடியோ எடுக்காதீர்கள். முடி சடையாக இருக்கிறது என்று நாலு பேர் பிடித்து மொட்டை அடித்துக் குளிப்பாட்டும் வீடியோக்கள் எனக்கும் வருகின்றன, அதற்கு லட்சக்கணக்கில் லைக்கும் விழுகிறது. சிகிச்சைக்குச் சேர்ந்த இடத்தில்கூட ஒருவரைக் கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது, தெருவில் மட்டும் எப்படிச் சரியாகும்?

தண்ணீர், சாப்பாடு கொடுங்கள், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். முடிந்தால் கூட ஒரு பெண் இருக்கட்டும். காயம் இருந்தால் 108. மற்றபடி பெண்கள் உதவி எண் 181, அல்லது காவல் நிலையம். 'எங்க வேலை இல்லை' என்று போலீஸ் சொன்னால் அதே சட்டத்தின் 100-ஆவது பிரிவைச் சொல்லுங்கள்: அலைந்து திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது அவர்கள் கடமை, லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை போட்டுக் குடும்பத்தையும் தேட வேண்டும். என்ன செய்வதென்றே புரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நாங்கள் வந்து அந்த வீட்டைப் பார்க்கலாமா?

என்னிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர்களிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்காதீர்கள். சரி என்றால் ஒருவர் இருவராக வாங்க, ஸ்வீட் வேண்டாம், காய்கறி கொண்டுவந்தால் சந்தோஷப்படுவார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சந்தைக்குப் போய்விடுவார்கள். தெரியாமல் வந்து வீடு பூட்டியிருந்தால் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். என்னைக் கூப்பிடாதீர்கள், என்னிடம் சாவி கிடையாது.